கல்கத்தாவின் பந்தாட்ட ரசிகரும் வாக்கு வேட்டையும்

கல்கத்தா நகருக்குப் புதிதாக வந்து குடியேறும் தமிழரை அண்டை வீட்டு வங்காளியர் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். சொந்த ஊர் எது என்பது முதலாவது. மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு என்ன விடை கூறினாலும் அவர்கள் 'மதராஸ்' என்றே கொள்வர்; ஆதலின் அதைப்பற்றிக் கவலையில்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் யோசித்து விடை சொல்ல வேண்டும். ஒருவர் எந்தச் சங்கத்தின் பக்கம் நிற்கிறார் என்பதைக் கொண்டு அவருடைய குடும்பம் எங்கிருந்து வந்தது, அவர் வீட்டுச் சமையல் எத்தகையது என்பவற்றையெல்லாம் ஊகித்துவிடும் நகரம் இது. இவ்வளவும் தெரிந்துவிடுகிறபோது, அவர் யாருக்கு வாக்களிப்பார் என்பதையும் இதனாலேயே அறிந்துவிடலாமே என்று அரசியல்வாதிகளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த எண்ணம் பலித்த இடங்களையும் பலிக்காத இடங்களையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அணியினர் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்ற கணக்கில் வென்றனர். பதினொருவரில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். முதலில் வெள்ளையரே கோல் போட்டனர். பின்னர் சிவதாஸ் பாதுரி சமன் செய்ய, ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். அன்று பர்த்துவானிலிருந்து ஈஸ்ட் இந்தியன் ரயில்வே தனி வண்டி ஓட்டியது. பந்தாட்டத்திற்கென்று தனி வண்டி விடுவதென்றால் கூட்டம் எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை ரயில்வே உத்தியோகத்திலிருக்கும் எம்போன்றோர் நன்கு உணர்வோம். மைதானத்தை நெருங்க முடியாமல் தொலைவில் நின்றவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தனராம். 1905-இல் வங்கத்தை இரண்டாகப் பிரித்த வடு ஆறாதிருந்த காலம் அது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி தர்பாரில் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரும் கல்கத்தாவை விட்டுப் போயிற்று. பந்தாட்ட வெற்றிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது தெளிவு. ஆயினும் அந்த வெற்றியைத் தேசிய இயக்கத்தின் வெற்றியாகவே வங்க மக்கள் எண்ணினர்.

அடுத்து வந்த அலை முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தினுடையது. 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை அச்சங்கம் வென்றது. அதற்கு முன்னர் எந்த இந்திய அணியும் அப்பட்டத்தை ஒருமுறையேனும் பெற்றதில்லை. பெங்களூரிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்து அவர்கள் அணியைக் கட்டினர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. வங்க முஸ்லிம்கள் இவ்வெற்றிகளைத் தம் சமூகத்தின் எழுச்சியாகக் கொண்டாடினர். இந்த ஐந்தாண்டுகளின் நடுவிலேதான் 1937-ஆம் ஆண்டு மாகாணத் தேர்தல் வந்தது. நகரத்து முஸ்லிம் வீடுகளில் பந்தாட்ட உற்சாகம் பொங்கிய சமயம். ஆனால் பட்டுவாகாலித் தொகுதியில் முஸ்லிம் லீகின் பெருந்தலைவர் குவாஜா நாஜிமுதீனைக் கிருஷக் பிரஜாக் கட்சியின் பஜ்லுல் ஹக் தோற்கடித்தார். அங்குள்ள குடியானவருக்கு ஜமீன்தாரி ஒழிப்பும், கடன் சுமையும், பருப்பும் சோறுமே பெரிதாயிருந்தன. கல்கத்தா மைதானத்து ஆரவாரம் அவர் வயலை எட்டவில்லை.

ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் கதை வேறு வகையானது. 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அது தோன்றியது. கீழ் வங்கத்து ஆட்டக்காரர் ஒருவரை அணியிலிருந்து விலக்கிவிட்டார்களே என்ற மனத்தாங்கலே அதன் பிறப்புக்குக் காரணம். 1947-இல் நாடு பிரிந்தபோது டாக்கா, பாரிசால், மைமன்சிங் முதலிய ஜில்லாக்களிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாக வந்து ஸியால்தா நிலையத்து நடைமேடைகளில் தங்கினர். பின்னர் ஜாதவ்பூர், பிஜய்கட் முதலிய இடங்களில் குடிசை போட்டுக் குடியேறினர். வீடும் நிலமும் பறிபோயின. ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு பந்தாட்டச் சங்கம் மட்டும் எஞ்சியது. சிவப்பும் பொன்னிறமும் கலந்த அக்கொடியை அவர்கள் எவ்வாறு பற்றிக்கொண்டிருப்பர் என்று விளக்கவும் வேண்டுமோ? மேற்கு வங்கத்துப் பழங்குடியினர் 'கோட்டி' எனவும், கிழக்கிலிருந்து வந்தோர் 'பாங்கால்' எனவும் அழைக்கப்பட்டனர். ஈஸ்ட் பெங்கால் வென்ற மாலையில் கடைத்தெருவில் இலீஷ் மீன் விலை ஏறும். நாம் உல்லம் என்கிறோமே, அதே மீன்தான். மோகன் பகான் வென்றாலோ இறாலுக்கு யோகம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் போக மனமில்லை. அகதிகளின் கண்ணீரைத் துடைத்த அந்த அணியின் முன்வரிசையில் நின்று ஆடியவர்கள் வங்காளிகள் அல்லர். அகமது கான், தனராஜ், வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டினர். பஞ்ச பாண்டவர் என்று ரசிகர்கள் அவர்களைப் போற்றினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐ.எப்.ஏ. கேடயம் தொடர்ந்து ஈஸ்ட் பெங்காலுக்கே கிடைத்தது. ஊரை இழந்தவர்களின் பெருமையை வேற்றூரார் காத்துக் கொடுத்தனர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இச்செய்தி இனிக்காமல் வேறு யாருக்கு இனிக்கும்?

1950-க்குப் பிறகு அகதிக் குடியிருப்புகளில் பட்டாவுக்கும் நிவாரணத்துக்கும் போராட்டம் நடத்தியவர்கள் பெரும்பாலும் இடதுசாரிகள். பகலில் அவர்களுடைய ஊர்வலத்தில் நடந்தவரே மாலையில் ஈஸ்ட் பெங்கால் மைதானத்தில் கூச்சலிட்டார். கட்சி அவரைப் பந்தைக் காட்டி அழைக்கவில்லை. நிலத்தைக் காட்டி அழைத்தது. அதனால்தான் அந்த உறவு பல தேர்தல்களுக்கு நிலைத்தது என்பது எம் கருத்து.

சங்கங்களுக்கும் ஆட்சியாளருக்கும் உள்ள உறவை அறிய, மைதானம் யாருடையது என்று கேட்க வேண்டும். கோட்டையைச் சூழ்ந்த கல்கத்தா மைதானம் இராணுவத்தின் பொறுப்பிலுள்ள நிலம். பெருஞ் சங்கங்களின் கூடாரங்களும் ஆடுகளங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு கூரை வேய வேண்டுமென்றாலும் இராணுவத்தின் அனுமதி தேவை. கூட்டத்தைக் காக்கப் போலீசார் வேண்டும்; அவர்கள் மாநில அரசினர். 1984-இல் உப்பேரிப் பகுதியில், அதாவது ஸால்ட் லேக்கில், மாபெரும் விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட பிறகு பெரிய ஆட்டங்கள் அங்கே சென்றன. அதுவும் மாநில அரசின் உடைமையே. இப்படி மூன்று புறமும் சர்க்காரின் தயவை நாடி நிற்கும் ஒரு சங்கம் மந்திரிக்கு மாலையிடாமல் எப்படி இருக்கும்? இடதுசாரி ஆட்சியில் விளையாட்டு மந்திரியாயிருந்த சுபாஷ் சக்கரவர்த்தியின் பெயர் தெரியாத ரசிகர் அக்காலத்தில் இல்லை. 2011-இல் திரிணமூல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததும் பேட்டைதோறும் உள்ள சிறு சங்கங்களுக்கு ரொக்க மானியம் வழங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் இல்லாத பணம் சங்கங்களுக்கு ஏது என்று எதிர்க்கட்சியார் கேட்டனர். கேரம் பலகையும் துர்க்கா பூஜைப் பந்தலும் வைத்துள்ள அச்சிறு சங்கத்து இளைஞர்களே தேர்தல் நாளில் வீடு வீடாகச் செல்வோர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியும்.

மானியத்தோடு நிற்கவில்லை, ஆட்டக்காரர்களையே அபேட்சகர்களாக நிறுத்தும் வழக்கமும் வலுத்தது. இதில் பாய்ச்சுங் பூட்டியாவின் கதை படிப்பினை நிறைந்தது. 1997 ஜூலை 13-ஆம் நாள் ஸால்ட் லேக் அரங்கில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி ஆட்டம். ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை வென்றது. அதில் மூன்று கோல்கள் பூட்டியாவினுடையவை. அத்தகைய புகழ் வாய்ந்தவரைத் திரிணமூல் காங்கிரஸ் 2014-இல் டார்ஜிலிங் லோக்சபைத் தொகுதியில் நிறுத்தியது. தோற்றார். 2016-இல் சிலிகுரிச் சட்டசபைத் தொகுதியில் நிறுத்தியது. மார்க்சிஸ்டு கட்சியின் அசோக் பட்டாச்சாரியாவிடம் மீண்டும் தோற்றார். மலைநாட்டில் கூர்க்காலாந்து என்ற ஒரே கேள்வி ஏனையவற்றை விழுங்கிவிட்டது. அங்குள்ள கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா 2014-இல் பாரதிய ஜனதாக் கட்சியின் பக்கம் நின்றது. பூட்டியாவுடன் படமெடுத்துக்கொள்ளத் திரண்டவர்கள் வாக்குப் பெட்டியருகே வேறு கணக்குப் போட்டனர்.

பிரசூன் பானர்ஜியின் கதை இதற்கு மாறானது. மோகன் பகானுக்கும் இந்திய அணிக்கும் தலைவராயிருந்த அவர், 2013-ஆம் ஆண்டு ஹௌரா இடைத்தேர்தலில் வென்று, 2014, 2019, 2024 ஆகிய பொதுத் தேர்தல்களிலும் வெற்றி பெற்றார். அவருடைய தமையனாரே பி. கே. பானர்ஜி. 1958-இல் ஈஸ்டர்ன் ரயில்வே அணி மூன்று பெருஞ் சங்கங்களையும் பின்னுக்குத் தள்ளிக் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றபோது அதன் தூணாக நின்றவர் அவர்தாம். அதன்பின் 61 ஆண்டுகள் கழித்து 2019-இல் பியர்லெஸ் அணி வெல்லும்வரை வேறெந்தச் சிறிய அணிக்கும் அப்பேறு கிட்டவில்லை. ரயில்வேக்காரன் இதை எழுதாமல் விட்டால் சக ஊழியர்கள் பொறுக்க மாட்டார்கள். நிற்க. தம்பியின் வெற்றிக்குப் பந்து காரணமா, ஹௌராவில் கட்சிக்கிருந்த பலம் காரணமா என்றால், பின்னதே பெரிது என்போம். 2021-இல் உலுபேரியா கிழக்குத் தொகுதியில் முன்னாள் ஆட்டக்காரர் பிதேஷ் போஸ் வென்றதும் அவ்வகையே. அதே தேர்தலில் மாணிக்தலாவில் பாரதிய ஜனதாக் கட்சி நிறுத்திய முன்னாள் கோல் காவலர் கல்யாண் சௌபே தோற்றார். அவரே 2022-இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் தேர்தலில் பூட்டியாவை 33-1 என்ற கணக்கில் வென்றார் என்பது வேடிக்கை. மக்கள் தேர்தலில் தோற்ற இரு ஆட்டக்காரர்கள் விளையாட்டுச் சம்மேளனத்தில் மோதிய ஆட்டம் அது.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இவ்விவகாரம் உச்சத்தை அடைந்தது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அடுத்த மாதம் 19-ஆம் நாள் ஸால்ட் லேக்கில் இரு பெரும் அணிகளும் மோதின. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கூட்டத்திலிருந்து மிகப் பெரிய பதாகை ஒன்று விரிந்தது. இம்மண்ணைக் குருதி கொடுத்து வாங்கினோமேயன்றிக் காகிதம் கொடுத்து வாங்கவில்லை என்பது அதன் கருத்து. ஆட்டத்தில் அவர்கள் 2-1 என்று தோற்றார்கள். ஆனால் மறுநாள் நகரம் முழுதும் பேசியது பதாகையைப் பற்றியே. அகதிகளின் பேரப்பிள்ளைகள் எந்தக் கட்சியாரும் எழுதிக்கொடுக்காத வாசகத்தைத் தாமே எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வாக்கைப் பெற விரும்பிய இருதரப்புக் கட்சிகளும் அதைக் கவனித்தன.

அவ்வாண்டு மோகன் பகான் ஏ.டி.கே. நிறுவனத்தோடு இணைந்து இந்தியன் சூப்பர் லீகில் இடம் பெற்றுவிட்டது. நூறாண்டு நிறைந்த ஈஸ்ட் பெங்காலோ பணம் போடுவாரின்றித் தவித்தது. 2020 செப்டம்பரில் அன்றைய முதன்மந்திரி மம்தா பானர்ஜி, ஸ்ரீ சிமெண்டு நிறுவனம் முன்வந்துள்ளதென அரசுத் தலைமைச் செயலகமான நபான்னாவிலிருந்தே அறிவித்தார். சட்டசபைத் தேர்தலுக்கு ஏழு மாதமே இருந்தது. ஒரு பந்தாட்டச் சங்கத்துக்கு முதலாளி கிடைத்த செய்தியை முதன்மந்திரி அறிவிக்கும் மாநிலம் வேறு எங்கே உண்டு?

பின்னர் பிரசாரம் தொடங்கிற்று. 'கேலா ஹொபே', அதாவது 'ஆட்டம் நடக்கும்' என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. இது வங்காள தேசத்து அரசியல்வாதி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மேடையில் முழங்கிய சொல். இங்கே திரிணமூல் கட்சி இளைஞர் ஒருவர் அதைப் பாட்டாக்கினார். மார்ச்சு 10-ஆம் நாள் நந்திகிராமத்தில் மம்தாவின் காலில் அடிபட்டது. கட்டுப் போட்ட காலோடு சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஒற்றைக் காலாலேயே ஆட்டம் ஆடுவேன் என்று அவர் மேடைதோறும் பேசினார். பிரதமர் மோடியும் அந்த முழக்கத்தைக் குறிப்பிட்டு, தம் கட்சி தருவது ஆட்டமன்று, வேலையும் வளர்ச்சியுமே என்று புருலியாவில் பதிலளித்தார். பந்தாட்டம் அறியாத கிராமத்து மூதாட்டியும் 'கேலா' என்றால் தேர்தல் என்று புரிந்துகொண்டாள். தேர்தல் நடந்த 292 தொகுதிகளில் 213 திரிணமூலுக்கும் 77 பாரதிய ஜனதாவுக்கும் கிடைத்தன. மம்தாவோ நந்திகிராமத்தில் 1,956 வாக்குகளில் தோற்றார்.

வென்ற கட்சி ஆகஸ்டு 16-ஆம் நாளை 'கேலா ஹொபே' தினமாக அறிவித்து, சங்கங்களுக்குக் கால்பந்துகளை வழங்கியது. ஏன் அந்த நாள்? 1980-ஆம் ஆண்டு அதே நாளில் ஈடன் கார்டன் மைதானத்தில் இரு பெரும் அணிகளின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டனர். அவர்களை நினைவு கூரும் நாள் அது. எதிர்க்கட்சியாரோ 1946-இல் முஸ்லிம் லீகின் நேரடி நடவடிக்கை நாளும், கல்கத்தாப் படுகொலையும் அதே தேதியன்றோ என்று சினந்தனர். இரு தரப்பாரும் கூறிய தேதிகள் உண்மையே. ஆயினும் ஆட்டம் பார்க்கச் சென்று வீடு திரும்பாத பதினாறு பேரின் நினைவு நாள், வெற்றி முழக்கத்தின் பெயரைத் தாங்கி நிற்பது எமக்கு உவப்பாயில்லை.

தேர்தல் முடிந்து மூன்று மாதம் ஆகுமுன் ஸ்ரீ சிமெண்டுடன் இறுதி ஒப்பந்தத்தில் சங்க நிர்வாகிகள் கையெழுத்திட மறுக்க, ஜூலையில் சங்க வாயிலில் ரசிகர்கள் கிளர்ச்சி செய்தனர். போலீசார் தடியடி நடத்தினர். முதன்மந்திரி மீண்டும் தலையிட்டு அவ்வாண்டுக்கு மட்டும் ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு எமாமி நிறுவனத்தின் வருகையும் நபான்னாவிலிருந்தே அறிவிக்கப்பட்டது.

2024 ஆகஸ்டு 9-ஆம் நாள் கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பயிற்சிப் பெண் மருத்துவர் கொடுமைப்படுத்தப்பட்டுக் கொலையுண்டார். நகரம் கொந்தளித்தது. 18-ஆம் நாள் நடக்கவிருந்த டூராண்டு கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத வேண்டும். காவலுக்குப் போதிய போலீசார் இல்லையென்று ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. அன்று மாலை இரு சங்கத்து ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் அரங்கின் வெளியே ஒன்றாகக் கூடி நீதி கேட்டனர். ஆட்டத்துக்குக் கிடைக்காத போலீசார் அவர்களைக் கலைக்க மட்டும் ஏராளமாக வந்திருந்ததை எல்லாரும் கண்டனர். தடியடியும் நடந்தது. பச்சை மெரூன் சட்டை அணிந்த ஒருவரின் தோள்மீது சிவப்புப் பொன் சட்டைக்காரர் அமர்ந்து முழக்கமிட்ட படம் மறுநாள் நாடெங்கும் பரவியது. எந்த அபேட்சகரும் அவர்களை அங்கே அழைக்கவில்லை. சில நாட்களில் டூராண்டு அரையிறுதி ஆட்டம் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தது. 31-ஆம் நாள் இறுதி ஆட்டமும் அங்கேயே நடந்து, மோகன் பகானை நார்த் ஈஸ்ட் யுனைடெட் வென்றது.