குண்டு தேடப் போன வேலா

தணிக்கைத் துறையிலேயே காலம் தள்ளியவன் நான். அதனாலோ என்னவோ, வானியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ரே கிளெபசாடல். அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் புரட்டியவர்.

விண்வெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதில்லை என்று 1963-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டன. நம்பிக்கைதான் வரவில்லை. நிலவுக்குப் பின்னால் போய் ரகசியமாக வெடித்தால்? அதற்காக அந்த அக்டோபரிலேயே அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை ஏவத் தொடங்கியது. லட்சம் கிலோமீட்டருக்கும் மேலே ஜோடி ஜோடியாகச் சுற்றி, காமா கதிர் வருகிறதா என்று பார்ப்பது அவற்றின் வேலை.

1967 ஜூலை 2 அன்று காமா கதிர் வந்தது. கிளெபசாடலும் சக ஆய்வாளர் ராய் ஓல்சனும் அதைக் கவனித்தது 1969-ல், இரண்டு செயற்கைக்கோள்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது. குண்டென்றால் ஒரே மின்னலாக அடித்துத் தணிந்துவிடும். இதிலோ ஒரு கூர்முனை, அதன் பின்னால் இன்னொரு மேடு, பல நொடி நீளத்துக்கு.

ராணுவ ரகசியம் என்று மூடி வைத்தார்கள் என எழுதுவோர் உண்டு. சுவையான கதை, ஆனால் உண்மையில்லை. அவர்கள் காத்திருந்தது நல்ல கடிகாரத்துக்காக. 1969, 1970-ல் போன புதிய வேலாக்கள் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தன. சுற்றுப்பாதையின் எதிரெதிர் ஓரங்களில் இருக்கும் இரண்டு செயற்கைக்கோள்களுக்கு இடையே ஒளி போக முக்கால் நொடி ஆகும். எந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு முந்திப் பார்த்தது என்று கழித்தால் திசை கிடைத்துவிடும். பூமி இல்லை, சூரியனும் இல்லை. 16 வெடிப்புகளைச் சரிபார்த்த பிறகே 1973-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இதல்லவா தணிக்கை!

தூரம் தெரிய 1997 ஆயிற்று. பெப்போசாக்ஸ் என்ற இத்தாலி–டச்சுச் செயற்கைக்கோள், வெடிப்பு அணைந்த பின் மிஞ்சும் எக்ஸ் கதிர் ஒளியைப் பிடித்து இடம் காட்டியது. நம் பால்வெளிக்கு உள்ளேதான் என்று சாதித்தவர்கள் தோற்றார்கள்.

2004-ல் போன ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், வெடிப்பைக் கண்டதும் தானே அந்தப் பக்கம் திரும்பும். 2009 ஏப்ரல் 23 அன்று பத்து நொடி மின்னிய ஒன்றை அப்படிப் பிடித்தது. எக்ஸ் கதிரில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றுமே இல்லை. அகச்சிவப்பில் பார்த்த தரைத் தொலைநோக்கிகளுக்குத்தான் சிக்கியது. வழியிலுள்ள ஹைட்ரஜன் மிச்ச ஒளியை விழுங்கியிருந்தது. எந்த அலைநீளத்தில் ஒளி வெட்டுப்படுகிறது என்று அளந்தபோது, பிரபஞ்சம் பிறந்து சுமார் 63 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் செத்த நட்சத்திரம் அது என்று தெரிந்தது.

காமா கதிர் வெடிப்பு ஆய்வுக்கு நோபல் பரிசு இன்னும் கிடைத்தபாடில்லை. என் ஓட்டு கிளெபசாடலுக்கே.