நடுகல்லும் நாட்டுக்கொடியும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் படைவீரர் வணக்கத்தின் மரபும் கடமையும்

போர்க்களத்தில் உயிர்நீத்த வீரனையும், படைத்தொழில் புரிந்து பென்ஷன் பெற்று ஊர் திரும்பி முதுமையில் மறைந்த வீரனையும் எவ்வாறு கௌரவிப்பது என்னும் கேள்வி, நம் காலத்தில் ஏறத்தாழ முழுவதும் அரசாங்கச் சடங்கைப் பற்றிய கேள்வியாகவே கருதப்படுகிறது. மூவர்ணக் கொடி போர்த்திய பேழை, மலர்வளையம், தலைகீழாகத் தாழ்த்திய துப்பாக்கிகள், பியூகிள் ஓசை, வானை நோக்கிச் சுடும் குண்டுகள் ஆகிய இவையே வீரவணக்கத்தின் முழு வடிவம் என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. இச்சடங்கின் கம்பீரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2020 ஜூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் வீரமரணம் எய்திய ஹவில்தார் பழனியின் உடல் இமயத்திலிருந்து இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூருக்குக் கொண்டுவரப்பட்டு இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டபோது, தேசம் ஒரு கிராமத்தின் முன் தலைவணங்கி நின்றது என்று சொல்வது மிகையாகாது. ஆயினும் அச்சடங்கு ஒரு நாளில் நிறைவெய்துவது. அதன் கர்த்தா அரசாங்கம், ஊரார் பார்வையாளர். நம் முன்னோர் வகுத்த வீரவணக்கமோ ஊராரையே கர்த்தாவாகக் கொண்டது, ஆண்டுதோறும் திரும்ப நிகழ்வது, இறந்தவனது குடும்பத்தின் ஜீவனத்தையும் தன்னுள் அடக்கியது. அம்மரபின் தடயங்கள் செறிந்து கிடக்கும் நிலப்பகுதிகளுள் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் அவற்றைச் சூழ்ந்த நடுநாடும் முக்கியமானவை. ஆதலின் இவ்வட்டாரத்தை ஆதாரமாகக் கொண்டு, ஊரின் கையிலிருந்து நழுவிப்போன ஒரு கடமையை ஊரே மீண்டும் ஏற்க வேண்டும் என்று வாதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீரனுக்குக் கல் எடுத்தலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் பகுத்துரைக்கிறது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களிலும் இவ்வரிசையையே பெரும்பாலும் காண்கிறோம். இந்த ஆறனுள் கல்லைத் தேர்ந்து நாட்டுவது வரையிலான நான்கும் ஒருமுறை செய்து முடிப்பவை. படையலிட்டு வழிபடும் பெரும்படையும் வாழ்த்துமோ கல் நிற்கும் காலமெல்லாம் தொடரவேண்டியவை. கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள்ளும் படைத்து வழிபட்டதைச் சங்கச் செய்யுட்கள் பலபடக் கூறுகின்றன. அவற்றுள் நமக்கு நெருக்கமானது அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லைக் கண்டு ஔவையார் இரங்கிப் பாடிய புறநானூற்றுப் பாட்டு. அந்த அதியமானே அளித்த குகைப் பாழி என்று தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட சாசனம், தென்பெண்ணைக் கரையிலே திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பாட்டிலே கல்லாகி நின்றவன் இம்மண்ணில் கல்லெழுத்திலும் நிற்கிறான்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். இறந்தவனை மட்டுமே நம் மரபு போற்றியது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. வாட்போரில் நின்று வென்று உயிருடன் மீண்ட இளைஞனைப் பறை முழங்க ஊரார் எதிர்கொண்டு, நாட்டையே அவனுக்கு அளித்து மகிழும் பிள்ளையாட்டு என்னும் துறையையும் தொல்காப்பியர் மந்தை மீட்டலைக் கூறும் கரந்தைப் பகுதியிலேயே வைத்திருக்கிறார். நடுகல்லுக்கு அருகிலேயே அத்துறையும் வைக்கப்பட்டிருப்பது தற்செயலாக நேர்ந்ததென்று நான் எண்ணவில்லை. மடிந்தவனுக்கும் மீண்டவனுக்கும் ஊர் பட்ட கடன் ஒன்றே என்பதே அவ்வைப்பு முறையின் கருத்து.

இலக்கணத்தில் உள்ளது நிலத்தில் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறியக் கல்வராயன் மலையின் வடசாரலுக்கு அப்பால், சாத்தனூர் அணையைச் சூழ்ந்த செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை இப்பகுதிக் கற்களைத் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல், தமிழ் மக்களின் சரித்திரத்தை அரசர்களுக்கு வெளியே நின்று பார்க்க நமக்குக் கற்பித்த நூல்களுள் ஒன்று. இக்கற்களின் வாசகம் பெரும்பாலும் ஒரே கட்டமைப்புடையது: பல்லவ அரசனின் ஆட்சியாண்டு, அவன்கீழ் நாடாண்ட தலைவன், தொறு, அதாவது மாட்டு மந்தை, கொண்ட அல்லது மீட்ட நிகழ்ச்சி, இறந்தவன் இன்னாருடைய சேவகன் அல்லது மகன் என்னும் குறிப்பு, அவன் பெயர், பட்டான் கல் என்னும் முடிவு. மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லோ இவ்வகையில் உலகத்துக்கே காட்டத்தக்கது. எருமை மந்தையைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த அக்கல்லில், அவனுடைய நாயும் உருவம் செதுக்கப்பட்டு நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்பதும் எழுத்தில் உள்ளன. பேரரசனின் பெயர் காலத்தைக் குறிக்க மட்டுமே பயன்பட, ஓர் எளிய சேவகனின் பெயரும் அவன் நாயின் பெயரும் கல்லின் பொருளாக அமைந்திருக்கின்றன. 1300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாயின் விசுவாசத்தை நினைவில் வைத்திருந்த நாடு, தன் வீரர்களின் பெயர்களை மறக்கலாமோ?

இந்த இடத்தில் ஆங்கிலேயர் காலத்து முறையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். முதல் உலகப் போருக்குப்பின், படைக்கு ஆள் அனுப்பிய இந்தியக் கிராமங்கள் பலவற்றில் சிறு கற்பலகைகள் பதிக்கப்பட்டன. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று மட்டுமே அவை கூறும். ஒருவர் பெயரும் அவற்றில் இராது. டில்லி இந்தியா கேட்டில் 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன என்பது மெய்தான். ஆனால் உழவன் மகன் ஒருவனுடைய பெயர் டில்லியில் இருப்பதும் எண்ணிக்கை மட்டும் அவன் ஊரில் இருப்பதும் தலைகீழான ஏற்பாடு. 1790ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் தாக்குதலை இவ்வட்டாரத்துத் தியாகதுருகக் கோட்டையில் தடுத்து நின்ற காப்டன் பிளின்டின் பெயரைக் கெசட்டியர்கள் ஓதுகின்றன. அவன் ஆணைக்குட்பட்டு மதில்மேல் நின்ற சிப்பாய்களின் பெயர்களை அவை சொல்வதில்லை. 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் சுதந்திர இந்தியாவின் போர்களில் மடிந்த 25,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் தனித்தனியே செதுக்கப்பட்டிருப்பது, ஒருவகையில் நடுகல்லின் நெறிக்கு இந்நாடு திரும்பியதன் அடையாளம். அந்நெறி டில்லியோடு நின்றுவிடாமல் இவ்வட்டாரத்துச் சின்னசேலத்துக்கும் வெள்ளிமலைக்கும் வரவேண்டும்.

பெயரை அடுத்து, அழுகை. நவீன இராணுவச் சடங்கில் எல்லாம் உண்டு, வாய்விட்டு அழுவதற்கு மட்டும் இடமில்லை. படையின் ஒழுங்கு அதை வேண்டுவதால் நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் நடுநாட்டு மக்கள் வீரனுக்காக அழுவதையே ஒரு மகத்தான சமூகச் சடங்காக வளர்த்திருக்கிறார்கள். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம், சித்திரைப் பௌர்ணமியில் கூத்தாண்டவர் விழாவால் உலகறிந்த ஊர். அருச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த அரவான் பாரதப் போரின் வெற்றிக்காகத் தன்னைக் களப்பலியாகத் தந்த கதை, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இடம்பெற்ற பழமையுடையது. திருநங்கையர் அரவானைக் கணவனாக வரித்துத் தாலி அணிந்து, மறுநாள் தேர் பந்தலடியை அடைந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, மாரடித்துப் புலம்பி, வெள்ளாடை உடுத்து மீளும் அக்காட்சியைப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரு விநோதமாகவே வர்ணிக்கின்றன. அது விநோதமன்று. தனக்காக அழ மனைவியொருத்தி இல்லாமல் களத்துக்குப் போகும் வீரனுக்கு, ஆயிரக்கணக்கானோர் மனைவியராக நின்று ஆண்டுதோறும் அழுகின்றனர். அவனது மரணத்தால் விளைந்த வெற்றியை அனுபவிப்போர், அம்மரணத்தின் துக்கத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் தர்மமே அங்கு நிகழ்த்திக் காட்டப்படுகிறது. சமூகம் ஒதுக்கிவைத்த மக்களே அச்சமூகத்தின் சார்பில் இந்தத் துக்கக் கடனைச் செலுத்தி வந்திருக்கிறார்கள் என்பதையும் நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

கூவாகத்தோடு இதுவும் முடிந்துவிடவில்லை. நடுநாட்டிலும் தொண்டை மண்டலத்திலும் இறந்தவர்களின் கருமாதியை ஒட்டி இரவு முழுதும் ‘கர்ண மோட்சம்’ கூத்து நடத்தும் வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. உழுது வாழ்ந்து நோயில் இறந்த கிழவருக்கும், களத்தில் தேர் அழுந்தி வீழ்ந்த கர்ணனின் மரணத்தை நிகழ்த்தி வழியனுப்பும் இந்த ஏற்பாட்டில், ஒவ்வோர் இறப்பையும் ஒரு வீரனின் இறப்போடு சேர்த்துவைக்கும் பெருந்தன்மை இருக்கிறது. மெய்யாகவே துப்பாக்கி ஏந்திய ஒருவர் இறக்கும்போது இதைக்காட்டிலும் பொருத்தமான சடங்கை நாம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

மூன்றாவது, குடும்பம். களத்தில் பட்டவனின் சந்ததிக்கு நிலம் அளித்ததை உதிரப்பட்டி, நெத்தோர்பட்டி என்னும் பெயர்களில் சாசனங்கள் குறிக்கின்றன. கல்லுக்கு அருகிலேயே அவனுடைய மனையாளின் சோற்றுக்கும் வழி வகுக்கப்பட்டது. இந்தக் கடமையை இன்று அரசாங்கம் பெருமளவுக்கு ஏற்றிருக்கிறது. குடும்ப ஓய்வூதியமும், மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொண்டாடப்பட்டு வரும் கொடிநாள் நிதியும் அதன் உறுப்புகள். இவற்றைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

என் கொள்கைக்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். நடுகல் வீரர் பெரும்பாலும் மாட்டு மந்தைக்காகப் போரிட்டவர்கள், அவர்களுள் மந்தையைக் கவர்ந்தவர்களும் உண்டு, தேசத்தின் படையில் சேவித்தவரை அவர்களோடு ஒப்பிடுவது தகாது என்பது ஒன்று. மந்தையே அக்காலத்தில் ஊரின் செல்வம் என்பதை மறவாதிருந்தால் இந்த ஆட்சேபம் நில்லாது; தன் ஊரின் வாழ்வை உயிரினும் மேலாகக் கருதியவன் என்ற ஒன்றுக்காகவே ஊர் அவனுக்குக் கல் எடுத்தது. கவர்ந்தவனுக்கும் கல் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. போரின் நியாயத்தை அரசர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், சென்றவனின் கடனை நாம் தீர்ப்போம் என்று ஊர் நினைத்தது போலும். இரண்டாவது, வீரவணக்கம் யுத்த மோகத்தை வளர்க்கும் என்பது. கூவாகத்தில் ஒருமுறை அந்தப் புலம்பலைக் கேட்டவர் யுத்தத்தின்மீது மோகம் கொள்வார் என்று நான் நம்பவில்லை. துக்கத்தை விலக்கிவிட்டு வெற்றியை மட்டும் கொண்டாடும் விழாவுக்கே அந்த அபாயம் உண்டு.

இனி, நடைமுறை. படையில் பணியாற்றும்போது இறந்தவருக்கு இராணுவ மரியாதை கிடைக்கிறது. ஆனால் 1971ஆம் ஆண்டுப் போரில் நின்று, ஓய்வுபெற்று, நிலத்தை உழுது, தம் எழுபத்தைந்தாம் வயதில் மறையும் எளிய சிப்பாய்க்கு அது பெரும்பாலும் அமைவதில்லை. உறவினர் ஆர்வத்தால் தேசியக் கொடியைப் போர்த்தவும் இயலாது. 1971ஆம் ஆண்டுத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் கொடி விதிகளும் அரசு, படை, துணைப்படை ஆகியவற்றின் ஈமச்சடங்குகளுக்கு மட்டுமே அதனை அனுமதிக்கின்றன. அங்கும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்கவேண்டும், கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. இவ்விதி நியாயமானது. கொடியின் இடத்தை ஊர் நிரப்பட்டும் என்பதே என் வாதம். அவர் உடல் எடுக்கப்படும் நாளில் ஊராட்சித் தலைவரும் பள்ளிப் பிள்ளைகளும் முன்னாள் படைவீரரும் உடன் நடக்கட்டும். கருமாதிப் படத்திறப்பில் அவர் சேர்ந்த ஆண்டு, படைப்பிரிவு, நின்ற களங்கள், பெற்ற பதக்கங்கள் ஆகியவற்றை உரக்க வாசிக்கட்டும். ஊர்ப்பொதுவில் ஒரு கல் நாட்டி, மடிந்தவர் பெயரையும் மீண்டவர் பெயரையும் ஒருங்கே பொறிக்கட்டும். கொடிநாளன்று அக்கல்லுக்கு முன் கூடட்டும். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்து, அரசாங்க அலுவலகங்கள் தாமதமாகவே ஏறிச்சென்ற கல்வராயன் மலையில், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்க்கூட்டமே இதற்குப் போதிய சபை. நடுகல்லை வேடியப்பன் என்று வணங்கிப் பொங்கலிடும் மக்கள் வாழும் இந்தப் பிராந்தியத்தில் யாரும் இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இதில் ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், திருக்கோவலூர், உளுந்தூர்ப்பேட்டை வட்டங்களில் எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் படைக்குச் சென்றனர் என்னும் பட்டியலைக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர் ஊராகச் சென்று எடுக்க வேண்டும். உயிருடன் இருப்போரின் வாய்மொழியை அவர்கள் சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும். வயல்வரப்பிலும் சாலையோரத்திலும் சாய்ந்து கிடக்கும் பழைய நடுகற்களைக் கண்ட இடத்தில் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் நின்றவர்களுள் எஞ்சியிருப்போர் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். ஆகவே இவ்வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டுமென்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.