ஊரை எழுதுதலும் தன்னை ஆக்குதலும்

முயற்சியினால் மனிதன் உயர்வடைதல் வேண்டும் என வற்புறுத்தாத அறநூல் தமிழில் இல்லை. பள்ளிப் பருவந்தொட்டு இதனைக் கேட்டும் மனனஞ்செய்தும் வந்திருக்கின்றோம். ஆயின், அவ்வுயர்வு ஒரு தனிமனிதனின் வாழ்விலே எவ்வழியில் நிகழ்கின்றது என்னும் வினாவுக்கு அறநூலைக் காட்டிலும் வரலாறே தெளிவான விடை தரவல்லது. எழுத்துத் துறையிற் புக விழையும் இளைஞனுக்கு இவ்வினா மேலும் இன்றியமையாததாகின்றது. அவனை ஆக்குவது கல்விக்கூடமா? நூலகமா? பிறவிக் கொடையா? அன்றி, அவன் பிறந்து வளர்ந்த இடமும் செய்த தொழிலுமா? கற்பிட்டியிற் பிறந்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலால் தமிழிலக்கிய வரலாற்றில் நிலையான இடம்பெற்ற சைமன் காசிச்செட்டியின் (1807–1860) வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகின்றேன்.

இவ்வாராய்ச்சிக்கு வரலாற்று ஆர்வம் மட்டுமே காரணமன்று. எனது ஊர் கனமூலை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தே, மதுரங்குளிக்கு அண்மையில் உள்ளது. பல்கலைக்கழகம் வந்த நாளிலே, “அது எங்கே இருக்கிறது?” என்று பலரும் வினவினர். புத்தளம் என்றதும் உப்பையும், நுரைச்சோலை என்றதும் அனல் மின்னிலையத்தையும் அறிந்தவர்கள், கனமூலையை அறிந்திலர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. ஓர் ஊர் எழுத்தில் இடம்பெறாதவிடத்து அதனை அயலார் எவ்வாறு அறிவர்?

புத்தளக் கரையைப் பற்றி எழுதியோர் பண்டும் உளர். 1344 இல் இலங்கை வந்த இபுனு பதூதா, தாம் இறங்கிய துறையைப் ‘பத்தாலா’ எனக் குறிப்பிடுகின்றார். அது புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. ஆறுகள் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்தமையையும், ஆரியச்சக்கரவர்த்தி தம்மை வரவேற்றமையையும் அவர் கூறுகின்றார். இவை பெறுமதிமிக்க செய்திகளே. எனினும், அவை சின்னாள் தங்கிச் சென்ற ஒரு பயணியின் காட்சிகள். கரையிற் குவிந்த கறுவாவைக் கண்ட அவர், அக்கரையிலே குடியிருந்தோரின் வாழ்வைக் காண அவகாசம் பெற்றாரல்லர். கரையைக் கடந்து செல்பவன் எழுதுவதற்கும் கரையிலேயே வாழ்பவன் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டினை உணர நாம் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கடந்து காசிச்செட்டியிடம் வருதல் வேண்டும்.

காசிச்செட்டி பிறந்த கற்பிட்டி, புத்தளக் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட குடாநாட்டின் வட முனையில் அமைந்தது. ஒல்லாந்தர் 1667 இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். 1795 இல் அக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் அவர் பிறந்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவர் ஆட்சியையும் கண்ட துறைமுகம் அது. தமிழும் சிங்களமும் ஐரோப்பிய மொழிகளும் அத்தெருக்களில் ஒலித்தன. பல்வேறு சமூகத்தவர் அருகருகே வாழ்ந்தனர். பல மொழிகளைக் கேட்டு வளரும் வாய்ப்பினை அவருக்கு முதலில் அளித்தது அவ்வூரே எனின் அது மிகையாகாது.

அன்று இந்நாட்டிற் பல்கலைக்கழகம் இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இலும் இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இலுமே தோன்றின. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியதாயினும் காசிச்செட்டி அதன் மாணவரல்லர். இருந்தும் தமிழ், ஆங்கிலம், சிங்களம், வடமொழி, போர்த்துக்கீசம், ஒல்லாந்தம் முதலிய பல மொழிகளில் அவர் பயிற்சி பெற்றார். இப்பயிற்சியிற் பெரும்பகுதி சொந்த முயற்சியால் விளைந்தது. இளமையிலேயே அரச சேவையிற் சேர்ந்த அவர், பின்னர்ப் புத்தளத்தின் மணியகாரரானார். 1838 இல் சட்ட நிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்று 1845 வரை அங்கு அமர்ந்தார். அதன்பின் சிலாபத்தில் நீதிபதியாகப் பணியாற்றினார்.

இப்பதவிகளின் பட்டியலை மட்டும் நோக்குவோர் அவரை ஆங்கிலேயர் ஆட்சியில் மேனிலை பெற்ற அலுவலர் ஒருவராகவே கணிப்பர். ஆனால், பதவி அவருக்கு வேறொன்றையும் வழங்கியது. மணியகாரர் என்பவர் ஊர்தோறும் செல்லுதல் வேண்டும். காணிப் பிணக்குகளைக் கேட்டல் வேண்டும். எவ்வூரில் எத்தனை குடிகள், எக்குளம் உடைந்தது, எந்நிலத்தில் என்ன விளைகின்றது என்பனவற்றை அறிந்திருத்தல் வேண்டும். மற்றையோர் இவற்றை அறிக்கையாக எழுதிக் கச்சேரிக்கு அனுப்பியதோடு அமைந்தனர். காசிச்செட்டியோ அவ்வறிவை நூலாக்கினார். 1834 இல், கோட்டையிலிருந்த திருச்சபை மிசன் அச்சகத்தில், ‘சிலோன் கசற்றியர்’ என்னும் இலங்கை இடவிளக்கக் கோவை வெளிவந்தது. இலங்கையின் மாவட்டங்கள், நகரங்கள், முதன்மையான கிராமங்கள், துறைகள், ஆறுகள் முதலியன அகரவரிசையில் அங்கே விளக்கப்பெற்றன. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. மூன்றாண்டுகளின் பின்னர், 1837 இல், பரவர் சமூகத்தின் வரலாறு பற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் இடம்பெற்றது.

இங்கே நாம் கருத்திற் கொள்ளற்பாலது யாதெனின், தொழிலை ஒருபுறமும் எழுத்தை மறுபுறமும் வைத்து அவர் அல்லலுறவில்லை என்பதாகும். நாள்தோறும் கண்ணெதிர்ப்பட்டதையே அவர் கூர்ந்து நோக்கினார், நோக்கியதை ஒழுங்குபடுத்தினார். அவ்வொழுங்கே அவரது மனத்தையும் பண்படுத்தியது. தன்னை உயர்த்துதல் என்பது எப்பொழுதும் தன்னையே நோக்கிக்கொண்டிருத்தல் அன்று. தன்னைச் சூழ உள்ளதை நேர்மையாக நோக்கப் பழகுதலே என்னும் உண்மையை அவரது இளமை எமக்கு உணர்த்துகின்றது.

இவ்வுண்மையை நான் நூலிலிருந்து கற்றேனல்லேன், தவறிழைத்தே கற்றேன். பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலே சிறுகதை ஒன்று எழுதினேன். வாசகர் விரும்புவர் என்றெண்ணி, நான் ஒருநாளும் வாழ்ந்திராத ஒரு பெருநகரைக் களமாக்கினேன். தந்தையை இழந்த மகனின் துயரமே கதை. எங்கள் பேச்சைக் கேட்டு ஒருசிலர் நகைத்தமை நெஞ்சிலிருந்தமையால், ‘வாப்பா’ என்னும் சொல்லை நீக்கி, ‘அப்பா’ என எழுதினேன். கதை அச்சேறவில்லை. அது எனக்குப் பெருந்துயரன்று. விடுமுறையில் வீடு சென்றபோது அக்கதையை என் உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டிருந்தவர், இறுதியில், “மௌத்தானது அப்பாவா மகன்? அப்ப வாப்பா எங்க போனார்?” என்று கேட்டார். எங்கள் வீட்டிலே ‘அப்பா’ என்பது பாட்டனாரைக் குறிக்கும். தந்தையின் மரணத்தைப் பாடிய என் கதையிலே, என்னைச் சேர்ந்தோருக்குத் தந்தை மரணமடையவேயில்லை! அன்று நகைத்தேனாயினும் அவ்வினா என்னை நெடுநாள் விட்டகலவில்லை. யாருக்காக எழுதினேன்? யாரை மறைத்து எழுதினேன்?

காசிச்செட்டியையும் இவ்வினா விட்டுவைக்கவில்லை. ‘யாருக்காக?’ என்பது அவரது வாழ்வின் நடுப்பகுதியிலே கடினமான உருவில் எதிர்ப்பட்டது. அவரது பெருநூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றைப் படித்தோர் ஆட்சியாளரும் ஆங்கிலங்கற்ற சிலருமே. தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே எழுதவேண்டும் என்னும் விருப்புடன் 1841 இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் இதழை அவர் வெளியிட்டார். அதே ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனரிமார் ‘உதயதாரகை’யைத் தொடங்கினர். உதயதாரகைக்கு மிசனின் அச்சகமும், பாடசாலைகளும், அவை உருவாக்கிய வாசகரும் துணையாயினர். உதயாதித்தனுக்கோ அத்தகைய துணை இல்லை. அது குறுகிய காலத்தில் நின்றுபோயிற்று. வாசகர் கூட்டம் ஒன்றும் அச்சுவசதியும் இன்றித் தனிமனிதனின் ஆர்வம் மட்டும் ஓர் இதழைத் தாங்கமாட்டாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தோல்வியுற்றவிடத்து ஒருவன் என்ன செய்கின்றான் என்பதிலேயே அவனது ஆக்கம் தங்கியுள்ளது. இதழ் நின்றது, அவரது தேடல் நிற்கவில்லை. ஊர்களைத் தொகுத்தவர் இப்பொழுது புலவர்களைத் தொகுக்கலானார். கிரேக்க நாட்டுப் பெரியோரின் வாழ்க்கையை உரோமப் பெரியோரின் வாழ்க்கையோடு ஒப்புநோக்கி எழுதியவர் புளூட்டாக். அவர் பெயரைத் தாங்கி 1859 இல் யாழ்ப்பாணத்தில் ‘தமிழ் புளூட்டாக்’ வெளிவந்தது. ஏறத்தாழ 200 புலவர்களின் வரலாறு அதிற் கூறப்பட்டது. தமிழகத்துப் புலவர்களோடு ஈழத்துப் புலவர்களும் அதில் இடம்பெற்றனர். சிலோன் கசற்றியருக்கும் இந்நூலுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டு, 1860 நவம்பரில், அவர் இறந்தார்.

அவரது நூல் குறையற்றது எனக் கூறுதல் வரலாற்று நேர்மையாகாது. செவிவழிக் கதைகளைச் சிலவிடங்களில் வரலாறு போன்றே அவர் எடுத்தாண்டார். காலக்கணிப்பிலும் வழுக்கள் உள. ஓலைச்சுவடிகளே கிடைத்த காலத்தில், சங்க நூல்கள் அச்சேறுமுன், ஒருவர் தனித்து முயன்று செய்த தொகுப்பு என்பதை மனங்கொண்டே அவற்றை மதிப்பிடல் வேண்டும். மேலும், அவரது உழைப்பு தமிழுக்கு வந்துசேரவே செய்தது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் தமிழில் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ காசிச்செட்டியின் நூலைத் தளமாகக் கொண்டு அதனை விரிவுபடுத்தியது. 1946 இல் பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் தமிழ் புளூட்டாக் மறுபதிப்பும் பெற்றது. உதயாதித்தனால் இயலாததை, அவர் இறந்தபின் பிறர் கைவழியாக அவரது தொகுப்பு நிறைவேற்றியது.

இனி, ஒரு சமூகம் தன்னைத் தானே எழுதாதொழியின் என்ன நேரும் என்பதையும் நோக்குதல் தகும். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் வாதம். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய விரிவான மறுப்பு 1907 இலேயே நூலாயிற்று. யார் கூற்றுச் சரி என ஈண்டு ஆராய நான் புகவில்லை. எம் முன்னோர் யார் என்பதைப் பிறர் எழுதி, அதற்கு மறுமொழி நூலாக வெளிவர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன என்பதே என் கவனத்தை ஈர்ப்பது. சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழையும் 1885 இல் ‘அசன்பேயுடைய கதை’ என்னும் நாவலையும் வெளியிட்டமையின் அருமை இப்பின்னணியிலேயே நன்கு புலனாகும். எழுத்து என்பது புகழுக்குரிய அணிகலன் மட்டுமன்று. ஒரு மக்கட் கூட்டம் தன் சொற்களாலே தன்னை அறிமுகஞ்செய்யும் உரிமையுமாகும்.

உம்மும்மாவின் வினாவுக்குப் பின்னர் நான் உடனே இன்னொரு கதை எழுதவில்லை. காசிச்செட்டியைப் பின்பற்றி, ஒரு கொப்பியிலே எங்கள் ஊர்ச் சொற்களை அகரவரிசையில் எழுதத் தொடங்கினேன். பள்ளிப் புவியியலில் வடகீழ், தென்மேல் என்னும் இருவகைப் பருவக்காற்றுகளைப் படித்திருந்தேன். வீட்டிலோ வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயர்கள் நான்கு. எக்காற்றில் வலை இறக்கலாம், எக்காற்றில் தோணியைக் கரையேற்றவேண்டும் என்பதெல்லாம் அப்பெயர்களோடு இணைந்த அறிவு. கிடுகு பின்னுவோர் ஓலையை எத்தனை நாள் ஊறவிடுவர் என நான் எழுதியதை உம்மா வாசித்துப் பிழையெனத் திருத்தினார். பத்தொன்பது ஆண்டுகள் அம்முற்றத்திலே நடந்தும் நான் அதனைப் பார்த்திருந்தேனே அன்றிக் கண்டேனல்லேன். அவ்வளவில் எனக்கு நாணமும் உண்டாயிற்று, மகிழ்வும் உண்டாயிற்று. பெருநகரைப் பற்றி நான் எழுதியதைத் திருத்த ஊரில் எவரும் இருந்திலர். இப்பொழுது என்னைத் திருத்தவல்லோர் ஊர் முழுவதும் உளர்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என்னால் இயன்ற விடை இதுவே. எழுத்தாளனை ஆக்குவதிற் கல்விக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் பங்குண்டு. இந்நூலகம் இன்றேல் காசிச்செட்டியை நான் அறிந்திருக்கமாட்டேன். ஆயினும், அவை தருவன கருவிகளே. அக்கருவியைக் கொண்டு உழுதற்குரிய நிலம் அவரவர் பிறந்த மண்ணும் வாழ்ந்த வாழ்வும் ஆகும். கற்பிட்டியிற் பிறந்த மணியகாரர் ஒருவர் தம் கடமையிடையே கண்டதைக் குறித்துவைத்தமையால் அறிஞரானார். எம் தலைமுறையினர் அவரினும் பல வசதிகள் படைத்தோம். அவர் எழுதாத ஊர்கள் இன்னும் பல உள. அவற்றுட் பிறந்தோர் இப்பல்கலைக்கழகத்திலும் பலர் உளர்.

என் கொப்பியில் இன்று நாற்பது பக்கங்கள் நிறைந்துள்ளன. அதன் முதற் பக்கத்து முதற் சொல், அகரவரிசையின்படி அமைந்தது: ‘அப்பா — பாட்டனார்.’