எலி கைவிட்டது, கோழி காப்பாற்றியது

கொலஸ்ட்ரால் என்றாலே நம்ம ஊரில் முதல் கேள்வி "என்னத்தைச் சாப்பிட்டே?" என்பதுதான். பஜ்ஜி, வடை, மட்டன் பிரியாணி எல்லாம் வரிசையா குற்றவாளிக் கூண்டில் ஏறும். ஆனா பலகாரம் பக்கமே போகாத ஆறு வயசுக் குழந்தைக்கும் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமா இருக்கலாம். பரம்பரையா வருவது. இன்னிக்கு கோடிக்கணக்கான பேர் போடுற ஸ்டாட்டின் மாத்திரை, இந்தக் குடும்பங்களுக்குக் கடன்பட்டது.

1938-ல் ஆஸ்லோவில் கார்ல் முல்லர்னு ஒரு டாக்டர். தசைநார்களில் மஞ்சள் கட்டி, அதிக கொலஸ்ட்ரால், நெஞ்சு வலி, இந்த மூணும் சில குடும்பங்களில் சேர்ந்தே இறங்கி வருதுன்னு எழுதினார். 1964-ல் பெய்ரூட்டில் கச்சதூரியன் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து கணக்கைத் தெளிவாக்கினார். அப்பா, அம்மா யாராவது ஒருத்தரிடமிருந்து கெட்ட மரபணு வந்தால் கொலஸ்ட்ரால் ரெண்டு மடங்கு ஆகும். நடு வயசிலோ அதுக்கு முன்னாடியோ மாரடைப்பு வரலாம். ரெண்டு பேரிடமிருந்தும் வந்தால் நிலைமை படுமோசம், சின்ன வயசிலேயே இதயம் அடைபடும். அங்கே சொந்தத்துக்குள் கல்யாணம் நிறைய. அத்தை மகன், மாமன் மகள்னு பழகிய நமக்கும் இந்தக் கணக்கு தெரிஞ்சிருப்பது நல்லது.

ஏன் இப்படி ஆகுதுன்னு கண்டுபிடிச்சது டல்லாஸில் இருந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். இந்தக் குழந்தைகளின் தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தாங்க. நல்ல செல்லுக்கு வெளியிலிருந்து கொலஸ்ட்ரால் கிடைச்சா, சொந்த உற்பத்தியை நிறுத்திடும். இந்தச் செல்கள் நிறுத்தவே இல்லை. காரணம், ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல்-ஐப் பிடிச்சு உள்ளே இழுக்கும் ஏற்பி அதுங்களுக்கு இல்லை. வாசலில் பார்சல் மலையா குவிஞ்சிருக்கு, கதவு இல்லாததால் உள்ளே இருப்பவனுக்குத் தெரியலை. அவன் பாட்டுக்கு சமைச்சுக்கிட்டே இருக்கான். அந்தக் கதவு செல்லின் மேல்பரப்பில் இருப்பதை 1974-ல் காட்டினாங்க, 1985-ல் நோபல் வாங்கினாங்க. பக் உள்ள புரோகிராமைப் பார்த்துத்தான் ஒழுங்கான புரோகிராம் எப்படி ஓடுதுன்னே புரியும் என்பது எங்க தொழிலில் மட்டும் இல்லை போல :)

இதே சமயத்தில் ஜப்பானில் சாங்கியோ மருந்து கம்பெனியில் அகிரா எண்டோ பூஞ்சைகளைக் குடைந்துகொண்டிருந்தார். ஒண்ணு ரெண்டு இல்லை, 6000-க்கும் மேல். 1973-ல் அரிசியில் வளரும் ஒரு நீலப் பூஞ்சையிலிருந்து கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் காம்பாக்டின் கிடைச்சது. எலிக்குக் கொடுத்தா ஒண்ணும் நடக்கலை. மருந்து உலகத்தில் எலி 'இல்லை'ன்னா அநேகமா கோப்பை மூடிடுவாங்க. எண்டோ விடலை. ஆராய்ச்சிக்காகக் கோழி வளர்த்த சக ஊழியரிடம் கேட்டு வாங்கி அதுங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கே, கோழி நிறையத் தயாரிக்கணுமே என்பது அவர் தர்க்கம். கொலஸ்ட்ரால் பாதியா இறங்கிடுச்சு!

1978-ல் ஒசாகா டாக்டர் அகிரா யமமோட்டோ, ரெண்டு பக்கமும் கெட்ட மரபணு வாங்கிய 18 வயசுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தார். தசை பலவீனமாச்சு, நிறுத்தி, அளவைக் குறைச்சாங்க. ஒரு மரபணு மட்டும் கெட்டவங்களுக்கு நல்லாவே வேலை செஞ்சது. ஆனா நாய்களில் கட்டி வருதோன்னு சந்தேகம் கிளம்பி, 1980-ல் கம்பெனி திட்டத்தையே கைவிட்டது. அமெரிக்காவில் மெர்க் கம்பெனியும் தன்னுடைய லோவாஸ்டாட்டினை நிறுத்தி வைத்தது. வேற வழியே இல்லாத பரம்பரை நோயாளிகளுக்காக டாக்டர்கள் அந்த மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அது உயிர் பிழைத்தது. 1987-ல் அனுமதி கிடைத்தது.

மனசைப் பிசையற இடம் இதுதான். ஸ்டாட்டின் செல்லின் சமையலை நிறுத்தும், பசிச்ச செல் கூடுதல் கதவு வைக்கும், எல்.டி.எல் உள்ளே போகும். கதவே செய்யத் தெரியாத செல்லுக்கு என்ன பிரயோஜனம்? எந்தக் குழந்தைகளால் இதெல்லாம் தெரிய வந்ததோ, அவங்களுக்குத்தான் இது குறைவா உதவும்.

டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் அப்படி ஒரு குழந்தை. 1984 பிப்ரவரி 14 அன்று, ஆறு வயசில், பிட்ஸ்பர்க்கில் அவளுக்கு இதயமும் கல்லீரலும் ஒண்ணா மாற்றினாங்க. இதயம் சரி, கல்லீரல் எதுக்கு? கதவுகள் அதிகம் இருப்பது அங்கேதான். ஆயிரத்தைத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் சுமார் முன்னூறுக்கு வந்தது. அதுக்கப்புறம் லோவாஸ்டாட்டின் கொடுத்தப்போ இன்னும் இறங்கியது. புதுக் கல்லீரலில் கதவு இருந்ததே! 1990-ல், 13 வயசில் இறந்துபோனாள்.

அந்தக் கதவை நம்பாமலே எல்.டி.எல்-ஐக் குறைக்கும் எவினாகுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021-ல். ஒரு மரபணு கெட்டவங்க நிலை வேற: சுமார் 250 பேரில் ஒருத்தருக்கு இது இருக்கு, பழைய ஸ்டாட்டினே நல்லாக் கேட்கும். ஆனா பலருக்கு இருப்பதே தெரியாது. வீட்டில் ஒருத்தருக்கு இருந்தா கூடப்பிறந்தவங்க, பிள்ளைகள் ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.