உரோமை நகரின் நீதி மாளிகை

உரோமை நகருக்குச் செல்வோர் கண்டு வியப்பவை பெரும்பாலும் பழைய பேரரசின் இடிபாடுகளே. டைபர் ஆற்றின் வலக்கரையில், சாந்த் ஆஞ்சலோ கோட்டைக்கு அணித்தே நிற்கும் நீதி மாளிகையை வியந்து நிற்பார் சிலரே. எனினும் அதன் வரலாறு நம் கருத்தைக் கவர்வதாகும்.

1871-ஆம் ஆண்டில் உரோமை ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகராயிற்று. போப்பாண்டவரின் ஆட்சியிலிருந்து நகரைப் பெற்ற அரசு, தன் மாட்சியைக் கல்லில் காட்ட விழைந்தது. பெருகியா நகரத்துக் கலைஞர் குலியெல்மோ கால்தெரினி வகுத்த வரைபடத்தின்படி, 1889 மார்ச் 14 அன்று அடிக்கல் நாட்டப்பெற்றது.

அவ்வாண்டிலேயே அடித்தளத்திற்காக நிலத்தை அகழ்ந்தபோது கற்பேழை ஒன்று வெளிப்பட்டது. கிரெபெரேயா திரிபேனா என்னும் இளம்பெண் அதனுள் துயின்றிருந்தாள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினள். பேழையில் நிறைந்திருந்த நீரில் வளர்ந்த செடியிழைகள், அவள் கூந்தலே மிதப்பதுபோல் கண்டோரை மயக்கினவாம். அவளருகே கைகால்கள் மடங்கும் தந்தப் பாவை ஒன்றும் கிடந்தது.

பேழைக்குள் புகுந்த நீரே அம்மண்ணின் இயல்பை உணர்த்தியிருக்க வேண்டும். ஆறு கொணர்ந்த வண்டலால் ஆகிய நிலம் அது. பெரும் பாரத்தைத் தாங்க, பரந்த கான்கிரீட் தளம் இடவேண்டியதாயிற்று. ஏறத்தாழ 170 மீட்டர் நீளமும் 155 மீட்டர் அகலமும் கொண்ட அம்மாளிகைக்குத் திராவெர்த்தீன் கல் போர்த்தி, சட்ட வல்லுநர் சிலைகளை நிறுத்தி, திறப்பு விழாவை நடத்தியது 1911-இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள்! அடுத்த ஆண்டே அதன் செலவை ஆராயப் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. பிறரை விசாரிக்க எழுந்த மாளிகை தானே விசாரணைக்கு உள்ளாயிற்று.

மக்கள் அதற்கு இட்ட பெயர் 'பலாட்சாச்சோ'. மாளிகை எனும் சொல்லோடு இகழ்ச்சி விகுதியைச் சேர்த்தமைத்த பெயர். 'அழகற்ற பெருமாளிகை' என நாம் கொள்ளலாம். அழகற்றது என்பதை நாம் முற்றும் ஏலோம். ஆனால் அளவுக்கு மீறிய அணிகள் அதன்மேல் ஏறின என்பதை மறுப்பதற்கில்லை. 1926-இல் எத்தோரே சிமெனேசு வடித்த நான்கு குதிரை பூட்டிய வெண்கலத் தேரும் உச்சியில் ஏறியது.

நிலம் தாழ்ந்தது, சுவர்கள் விரிசலுற்றன. 1970-ஆம் ஆண்டையொட்டி மாளிகையிலிருந்தோர் வெளியேற நேர்ந்தது. நெடிய செப்பனீட்டிற்குப் பின்னர் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் இன்றும் அங்கேயே வீற்றிருக்கிறது. அந்தத் தந்தப் பாவையோ, முன்னர் மின்நிலையமாக இருந்த மோன்தெமார்த்தினி அருங்காட்சியகத்தில் உள்ளது.