கர்ணம் ஏட்டிலிருந்து செயற்கைக்கோள் படம் வரை: இந்தியத் தரிசு நிலக் கணக்கின் வரலாறு

இந்தியாவில் தரிசு நிலத்தின் கணக்கு, வரிக் கணக்கின் ஒரு பகுதியாகவே தொடங்கியது. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ நிலைநிறுத்திய ரயத்துவாரி முறையில், உழவுக்கு வந்த ஒவ்வொரு புலத்துக்கும் தீர்வை குறிக்கப்பட்டது. மீதி நிலம் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று பிரிக்கப்பட்டது. ஆடுமாடு மேய்ந்த மந்தைவெளி, சுள்ளி பொறுக்கிய கரடு, ஓடைக்கரை என ஊரார் அன்றாடம் புழங்கிய இடங்கள் பலவும் இப்படித்தான் சாகுபடி நிலத்துக்கு வெளியே ஒதுங்கின. தீர்வை தராத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் வேரூன்ற இதுவும் ஒரு காரணம். அசாமில் 1838இல் வந்த தரிசு நில விதிகள் தேயிலைத் தோட்டங்களுக்கு வழிவிட்டன. 1861இல் கானிங் பிரபு வெளியிட்ட விதிகள் தரிசை விலைக்கு விற்கவே இடமளித்தன. மலைச்சரிவுகளில் காட்டை எரித்துச் சுழற்சி முறையில் பயிரிட்டவர்களின் நிலமும் இந்த விதிகளின் கண்ணுக்குத் தரிசாகவே பட்டது.

விடுதலைக்குப் பின் நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் ஒழுங்குபடுத்தப்பட்டது. 1950 முதல் நாடு முழுவதும் ஒன்பது வகைப் பிரிப்பு நடைமுறைக்கு வந்தது. சாகுபடிக்கு ஏற்ற தரிசு, சாகுபடிக்கு உதவாத நிலம், நடப்புத் தரிசு, பிற தரிசு, நிரந்தர மேய்ச்சல் நிலம் ஆகியவை அதில் தனித்தனி வரிசைகள். இந்த எண்கள் அடங்கல் என்ற கிராமத்துப் பயிர்க்கணக்கு ஏட்டிலிருந்து மேலேறி வந்தன. ஊர்க் கணக்கரான கர்ணமும், 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்த பிறகு கிராம நிர்வாக அலுவலரும், புலம் புலமாகப் பார்த்து எழுதியதே தேசியக் கணக்கின் அடித்தளம். ஒரு புலத்தில் இந்த ஆண்டு என்ன பயிர் என்பதை அந்த ஏடு நன்றாகவே சொன்னது. ஆனால் மண் உவர்ந்துவிட்டதா, ஓடை அரித்துக்கொண்டு வருகிறதா, காட்டு எல்லைக்குள் மரம் மிஞ்சியிருக்கிறதா என்பதற்கு அதில் பத்தியே கிடையாது.

இந்தக் குறை 1970களில் வெளிப்பட்டது. கெட்டுப்போன நிலம் நாட்டில் எவ்வளவு என்ற கேள்விக்கு, 1976இல் தேசிய வேளாண் ஆணையம் 17.5 கோடி ஹெக்டேர் என்றது. 1984இல் தரிசு நில மேம்பாட்டுக்கான தன்னார்வச் சங்கம் ஒன்று ஏறக்குறைய 13 கோடி என்றது. நாட்டின் மொத்தப் பரப்பே 32.87 கோடி ஹெக்டேர்தான். இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலான வேறுபாடு மட்டும் மூன்று தமிழ்நாட்டுப் பரப்பைவிட அதிகம். 1985 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி, ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேர் தரிசில் விறகுக்கும் தீவனத்துக்கும் மரம் வளர்க்கும் திட்டத்தை அறிவித்தார். தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியமும் அமைக்கப்பட்டது. எங்கே நடுவது என்று காட்ட வாரியத்துக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. எண்கள் மட்டும் இருந்தால் போதாத நிலை அப்போதுதான் ஏற்பட்டது.

அதற்கான கருவி ஓரளவு தயாராக இருந்தது. 1970இல் பி. ஆர். பிஷாரடி தலைமையில் கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேலே பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளில் வேர்வாடல் நோயைப் படம்பிடித்த முயற்சியே இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம். 1972 ஜூலையில் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் ஏவப்பட்டது. 1974இல் ஐதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு முகமை உருவானது. லேண்ட்சாட் தரவை நேரடியாக வாங்கும் நிலையம் அருகிலுள்ள ஷாத்நகரில் 1970களின் கடைசியில் அமைந்தது. 1980களின் முதல் ஆண்டுகளில் எடுத்த படங்களைக் கொண்டு முகமை வரைந்த முதல் தேசியத் தரிசு வரைபடம் 5.33 கோடி ஹெக்டேரைக் காட்டியது. இது நாட்டின் பரப்பில் 16.2 விழுக்காடு.

வேளாண் ஆணையம் சொன்னதில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விளைந்துகொண்டே மேல்மண்ணை இழக்கும் வயல்களும் ஆணையத்தின் கணக்கில் இருந்தன. செயற்கைக்கோள் படத்திலோ அவை பயிர் நிலமாகத்தான் தெரியும். அளவுத்திட்டமும் ஒரு காரணம். அந்த வரைபடம் 10 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரையப்பட்டது. தாளில் மூன்று மில்லிமீட்டர் சதுரமாகத் தெரியும் துண்டு தரையில் 900 ஹெக்டேர். அதைவிடச் சிறிய உவர்த்திட்டும் ஓடை அரிப்பும் அதில் இடம்பெற வாய்ப்பே இல்லை.

எனவே 1986இல் 50,000க்கு ஒன்று என்ற அளவில் மாவட்டம் மாவட்டமாக வரையும் பெரும்பணி தொடங்கியது. இதில் அதே மூன்று மில்லிமீட்டர் சதுரம் இரண்டேகால் ஹெக்டேர். தரிசு 13 வகைகளாகப் பிரிக்கப்பட்டது: ஓடை அரித்த நிலம், புதர் மண்டியதும் மண்டாததுமான மேட்டு நிலம், நீர் தேங்கிய சதுப்பு, உவரும் களரும் பாய்ந்த நிலம், எரித்துப் பயிரிடும் மலைச்சரிவு, சீரழிந்த காடு, சீரழிந்த மேய்ச்சல், மணல், சுரங்கக் கழிவு, வெறும் பாறை, செங்குத்துச் சரிவு, பனி மூடிய பகுதி என்று போகும் பட்டியல் அது. இமயத்துப் பனியையும் ராமநாதபுரத்துப் புதரையும் ஒரே தலைப்பில் கூட்டிய இந்தப் பட்டியல் பின்னர் பல குழப்பங்களுக்குக் காரணமாயிற்று.

வேலை பெரும்பாலும் கண்ணாலும் கையாலும் நடந்தது. படத்தில் நிறங்கள் வேண்டுமென்றே மாற்றப்பட்டிருக்கும். இலைகள் அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் அந்த அலைவரிசைக்குச் சிவப்பு கொடுக்கப்பட்டது. செழித்த நெல்வயல் இரத்தச் சிவப்பாகத் தெரியும். தெளிந்த நீர் கறுப்பு. உப்புப் பூத்த நிலம் பளிச்சென்ற வெள்ளை. ஆற்றங்கரை அரிப்பு, கிளை விட்ட நரம்பு போலப் பரவும். ஒளிமேசையில் படத்தை விரித்து, மேலே கண்ணாடித் தாள் வைத்து, நில அளவைத் துறையின் வரைபடத்தோடு பொருத்தி, எல்லைகளைப் பென்சிலால் இழுப்பார்கள். பிறகு ஐயமுள்ள இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துத் திருத்துவார்கள்.

ஐயங்கள் ஏராளம். வெள்ளையாகத் தெரிவது உப்பா, மணலா? அறுவடை முடிந்த மானாவாரிக் காடும் ஆண்டாண்டாகக் கிடக்கும் தரிசும் மே மாதப் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பும் தமிழகத்தின் தென்மாவட்டங்களில், பயிர் நிற்கும் கார்த்திகை மாதத்தில் வானம் மூடியிருக்கும். மேகம் விலகித் தெளிவான படம் கிடைக்கும்போது பல மானாவாரிக் காடுகளில் அறுவடை முடிந்திருக்கும். இரு பருவப் படங்களை ஒப்பிட்டாலொழிய உண்மை தெரியாது.

பார்வையின் கூர்மையும் இந்தக் காலத்தில் மாறியது. முதல் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். 1988 மார்ச்சில் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் கூர்மையான கேமராவில் அது 32 சென்ட் ஆயிற்று. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1சி-யின் பல்வண்ணப் படத்தில் 14 சென்டுக்கும் குறைவு. உள்நாட்டுச் செயற்கைக்கோள்கள் வந்ததும் ஒரே மாவட்டத்தை ஆண்டுக்குப் பலமுறை பார்க்க முடிந்தது. மாற்றத்தை அளக்க இதுவே முதல் தேவை.

2000இல் வெளியான இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு 6.385 கோடி ஹெக்டேரைப் பதிவு செய்தது. அதாவது அப்போது வரைபடத்துக்குள் வந்த பரப்பில் 20.17 விழுக்காடு. 2003ஆம் ஆண்டுப் படங்களைக் கொண்டு 2005இல் வந்த தொகுப்பு சுமார் 5.5 கோடி என்றது. 2005-06இன் நிலை 4.72 கோடி என்றும், 2008-09இன் நிலை 4.67 கோடி என்றும் அடுத்த தொகுப்புகள் காட்டின. வெறும் எண்களை வரிசையாக வைத்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேல் தரிசு மறைந்துவிட்டதாகத் தோன்றும்.

அப்படிப் படிப்பது தவறு. 2000ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு மாவட்டத்தின் படம் 1986ஐச் சேர்ந்ததாகவும் பக்கத்து மாநிலத்தின் படம் 1990களின் கடைசியைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். வகைகள் 13இலிருந்து 28 ஆகி, பின்னர் 23 ஆயின. தொடக்கத்தில் ஓரிரு பருவப் படங்களே கிடைத்தன. பிற்காலத்தில் காரிப், ராபி, கோடை என்று மூன்று பருவப் படங்கள் பயன்பட்டன. கோடையில் தரிசாகத் தெரிந்த நிலம் ராபியில் பயிராகத் தெரிந்தால் பட்டியலிலிருந்து நீங்கும். தரையில் எதுவும் மாறாமலே கணக்குக் குறையும்.

இதற்குத் தெளிவான சான்று 2019இல் வந்த ஐந்தாம் தொகுப்பு. 2008-09இன் தரிசு 4.67 கோடி என்று முன்பு அச்சான இடத்தில், இத்தொகுப்பு 5.66 கோடி என்றது. ஜம்மு காஷ்மீரில் அதுவரை வரைபடத்துக்குள் வராமலிருந்த 1.208 கோடி ஹெக்டேர் இப்போதுதான் சேர்க்கப்பட்டது. பனியும் பாறையும் தரிசின் வகைகளாக இருப்பதால் மொத்தம் ஒரேயடியாக ஏறியது. ஆனால் இந்தத் தொகுப்பு முந்தைய ஆண்டையும் திருத்தி, ஒரே எல்லைக்குள் 2015-16ஓடு ஒப்பிட்டது. அந்த வகையில் இதன் எண்களே நம்பகமானவை. 5.66 கோடி 5.576 கோடி ஆனது. நிகரக் குறைவு 8.4 லட்சம் ஹெக்டேர். தரிசிலிருந்து வெளியேறியதோ 14.5 லட்சம். அதில் 6.4 லட்சம் பயிர் நிலமாகவும் 2.8 லட்சம் காடாகவும் மாறியிருந்தது. வெளியேறியதற்கும் நிகரக் குறைவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால், ஏறக்குறைய ஆறு லட்சம் ஹெக்டேர் அதே ஏழாண்டுகளில் புதிதாகத் தரிசுப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த ஆறு லட்சம் தெரியவே தெரியாது. வரைபடத்தின் பெரும்பயன் அந்த இடங்களைச் சுட்டுவதுதான்.

தரையில் உண்மையிலேயே மாற்றம் நிகழ்ந்த இடம் கங்கைச் சமவெளியின் களர்நிலம். உத்தரப் பிரதேசத்தில் இதை ஊசர் என்பார்கள். சோடியம் மிகுந்து மண் இறுகி, நீர் உள்ளிறங்காமல், கோடையில் மேலே உப்புப் பூத்துக் கிடக்கும். 1969இல் தொடங்கி, பின்னர் கர்னாலில் நிலைபெற்ற மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான சீர்திருத்த முறையை வகுத்தது. நிலத்துக்கு வரப்பு கட்டி, ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கிக் கழுவி, வடிகால் வழியே வெளியேற்றி, முதல் பயிராக நெல் நட வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் மண்துகளிலிருந்து சோடியத்தை விரட்டும். 1993இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சீர்திருத்தத் திட்டத்தில், லக்னோவிலுள்ள மாநிலத் தொலையுணர்வு மையம் எந்தப் புலம் முற்றிலும் தரிசு, எது ஒரு போகம் மட்டும் விளைவது என்று பிரித்துக் கொடுத்தது. படத்தில் வெள்ளையாக இருந்த திட்டுகள் சில ஆண்டுகளில் சிவப்பாயின. ஏழை உழவர் கையிலிருந்த நிலத்தில் நெல்லும் கோதுமையும் விளைந்ததற்கு அந்த நிறமாற்றம் சாட்சி.

எல்லாச் சிவப்பும் இப்படி நல்ல செய்தி அல்ல. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கண்மாய் உள்வாயும் கைவிட்ட மானாவாரிக் காடும் சீமைக்கருவேலம் மண்டிப் போயின. கோடையிலும் பச்சையாக நிற்கும் இந்த மரம் செயற்கைக்கோளுக்கு நல்ல தாவரப் போர்வையாகவே தெரியும். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் தாவரக் குறியீடு அங்கே ஏறுமுகமாக இருக்கும். நீர்ப்பிடிப்பு இழந்த கண்மாயைக் குறியீடு சீரடைந்த நிலம் என்று காட்டிவிடும். 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிடும் அளவுக்குச் சிக்கல் முற்றியது. மறுபுறம், அதே புதர்க்காட்டில் மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். தரிசு வரைபடத்தில் அந்த இடம் புதர் மண்டிய நிலம். அங்கே ஒரு தொழில் நடப்பது எந்த அலைவரிசையிலும் பதிவாகாது.

2003இல் திட்டக் குழு காட்டாமணக்கிலிருந்து டீசல் எடுக்கும் திட்டத்தைப் பரிந்துரைத்தபோது இந்தக் குறை பெரிதாகத் தாக்கியது. யாருக்கும் பயன்படாத நிலம் கோடிக்கணக்கில் சும்மா கிடக்கிறது என்பது அதன் அடிப்படை அனுமானம். நீரும் உரமுமில்லாமல் காட்டாமணக்கு போதிய விளைச்சல் தரவில்லை. நிலமும் பல இடங்களில் மேய்ச்சலுக்கோ விறகுக்கோ பயன்பட்டுக்கொண்டுதான் இருந்தது. கானமயிலும் வெளிமானும் வாழும் இயற்கைப் புல்வெளிகளும் தரிசு வகைகளுக்குள் அடைபட்டிருந்தன. அவற்றில் மரம் நடுவது மீட்பு அல்ல, அழிவு என்பதைச் சூழலியலாளர்கள் தொடர்ந்து எடுத்துச்சொல்லி, புல்வெளிகளைத் தனி வகையாக வரைபடமாக்கி வருகிறார்கள்.

தரிசைக் கணக்கிடும் இந்த மரபுக்கு இணையாக, நிலச்சீரழிவைக் கணக்கிடும் இன்னொரு மரபும் வளர்ந்தது. இந்தியா 1996இல் பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. அதன்படி அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தயாரிக்கும் தொகுப்பு, நீரரிப்பு, காற்றரிப்பு, உவர்மை, தாவர இழப்பு என்று காரணத்தை வைத்துப் பிரிக்கிறது. பயிர் நிற்கும் வயலும் மண் இழந்தால் அதில் இடம்பெறும். அதன் கணக்கில் 2003-05இல் 9.45 கோடி ஹெக்டேர், 2011-13இல் 9.64 கோடி, 2018-19இல் 9.785 கோடி. தரிசுத் தொகுப்பு குறைவதாகச் சொல்லும் அதே காலத்தில் சீரழிவுத் தொகுப்பு ஏறுவதாகச் சொல்கிறது. இரண்டும் முரண்படவில்லை. மேட்டுத் தரிசு உழவுக்கு வரும்போது முதல் கணக்கு இறங்கும். சரிவில் வரப்பில்லாமல் உழுத அந்த மண் மழையில் கரைந்தால் இரண்டாம் கணக்கு ஏறும்.

2019 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில், 2030க்குள் மீட்கவேண்டிய சீரழிந்த நிலத்தின் இலக்கை இந்தியா 2.1 கோடியிலிருந்து 2.6 கோடி ஹெக்டேராக உயர்த்தியது. எட்டியது எவ்வளவு என்பதை நிலப்போர்வை, விளைதிறன், மண்ணிலுள்ள கரிமம் ஆகிய மூன்றையும் வைத்து அளக்கவேண்டும் என்பது உடன்படிக்கையின் நெறி. முதல் இரண்டைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணிக்கலாம். மூன்றாவதற்கு மண்மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவேண்டும்.