சிலம்பின் மேல் விழுந்த பழி

விடியற்காலை ஐந்து மணி. சத்திரம் பேருந்து நிலையத்தில் மாணவியரோடு வேனுக்காகக் காத்திருந்தேன். ஆரோவில்லுக்குப் பயணம். "அங்க இருக்கறவங்க எல்லாருமே வெளியூர்க்காரங்களா மேடம்?" என்றாள் ஒருத்தி. சத்திரம் என்று பெயர்கொண்ட இடத்தில் நின்று கேட்கத் தகுந்த கேள்விதான்.

1968 பிப்ரவரி 28 அன்று, புதுச்சேரிக்கு வடக்கே ஒரு செம்மண் மேட்டில், 124 நாடுகளின் மண் ஒரே பளிங்குத் தாழியில் இடப்பட்டது. நகரத்தைக் கனவு கண்டவர் தொண்ணூறு வயது மிர்ரா அல்ஃபாசா. வரைபடம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்ஜே தந்தது. 50,000 பேர் தனியுடைமை இன்றி வாழ வேண்டும் என்பது திட்டம். இன்று வசிப்போர் சுமார் 3,300 பேர்; ஏறத்தாழ 60 நாட்டினர்.

அன்று அது மரம் வெட்டப்பட்டு, மழை மேல்மண்ணை அரித்துக் கடலில் கொண்டுசேர்த்த பொட்டல். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்று வகுப்பில் நடத்துகிறோமே, அதுதான். ஆனால் பக்கத்து ஊரான இரும்பையில் சொல்லும் கதை வேறு. கடுவெளிச் சித்தரின் தவத்தால் மழை பொய்க்கிறது. அதைக் கலைக்க வள்ளி என்ற ஆடல்மகளை அரசன் அனுப்புகிறான். தவம் கலைகிறது, மழையும் பெய்கிறது. கோயிலில் ஆடும்போது அவள் சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்து அணிவிக்கிறார். ஊர் சிரிக்கிறது. அவர் சாபமிட, லிங்கம் பிளந்து நிலம் பாலையாகிறது. தூரதேசத்தார் வந்து அதைப் பசுமையாக்குவார்கள் என்றும் ஒரு பின்னொட்டு உண்டு. எவ்வளவு வசதியான பின்னொட்டு! கோடரி பிடித்த கைகள் தப்பிவிட்டன. பழி ஒரு பெண்ணின் காலணிமேல்.

பசுமையாக்கியவர்களிலும் பாதிப் பேர் கதையில் இல்லை. வரப்புக் கட்டி நீரைத் தேக்கி, லட்சக்கணக்கான கன்றுகளை நட்டதில் வெளிநாட்டவரோடு குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி ஊர்களின் கூலியாட்களும் உண்டு. இன்றும் அந்த ஊர்ப் பெண்கள் காலையில் சமையலறைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலைக்கு வருகிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நகரத்தில் கூலி மட்டும் யாரோ ஒருவர் கொடுக்க, யாரோ ஒருவர் வாங்குவதாகவே இருக்கிறது. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் விழுந்தபோது, வரைபடமா காடா என்று குடியிருப்பாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா?

திரும்பும் வழியில் இரும்பைக் கோயிலுக்குப் போனோம். "வள்ளி அப்புறம் என்ன ஆனா?" என்று காலையில் கேட்ட அதே பெண் அர்ச்சகரிடம் கேட்டாள். அவர் சித்தரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.